அன்னபேதி தெளித்த பாசியைக் கூட்டெருவில் போட்டவர்கள் இருக்கிறீர்களா?

உப்புவெளியிலிருந்து:

எங்கள் முன்வளவில் மாமரத்துக்குக் கீழே கொஞ்சம் புல்தரை இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழை விட்டதும் அங்கே புல்லைவிடப் பாசிதான் அதிகம். மணல் நிலம்தான், ஆனால் ஓட்டோ நிறுத்தி நிறுத்தி இறுகிப்போய்விட்டது, வெயிலும் விழாது. தையில் அன்னபேதியைத் தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் தெளித்தேன். (கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்டு வாங்கினேன். வெளிர்பச்சைக் கல்லுப்பு மாதிரி இருக்கும்.) சில நாளிலேயே பாசி முழுக்கக் கறுத்துவிட்டது.

வாரியால் இழுத்தபோது பாய் சுருட்டுவது போலச் சுருண்டு வந்தது. பாசிக்கு வேர் இல்லை, மயிர் மாதிரி இழைகள்தான். அந்த இழைகளில் மணல் குருணி குருணியாக ஒட்டியிருந்தது. எட்டு உரப்பை சேர்ந்தது. 2021 இல் இரசாயன உரம் இல்லாமல் திண்டாடிய காலத்தில் கூட்டெரு போட்டுப் பழகிய கை, இதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

முதலில் கத்தரிக்கு மூடாக்காக இரண்டு விரல் தடிப்பில் பரப்பினேன். அதுதான் பிழை. பங்குனி வெயிலில் அப்பளம் மாதிரிக் காய்ந்து, ஊற்றிய தண்ணீரெல்லாம் மேலாலேயே ஓடியது. ஒரு துண்டைக் கிளப்பிப் பார்த்தேன், கீழே மணல் பொடியாகக் கிடந்தது. இன்னொரு பிழை, ஈரப் பாசியைச் சீமெந்து முற்றத்தில் குவித்து வைத்தது. அன்னபேதி இரும்பு உப்பு அல்லவா, துருப்பிடித்துச் செம்மஞ்சள் கறையாக இறங்கிவிட்டது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், இன்றுவரை போகவில்லை.

மிச்சத்தைப் பிய்த்துக் குழியில் போட்டேன். ஒரு கூடை பாசிக்கு ஐந்து கூடை கிளிசரிடியா இலையும் சருகும், இடையிடையே சாணக்கரைசல். கச்சான் காற்றில் காய்ந்துபோகாமல் இருக்க மேலே கிடுகு. மற்றதெல்லாம் மூன்று மாதத்தில் உக்கிவிட்டது, பாசி மட்டும் கறுப்புத் தும்பாகவே கிடந்தது. இரண்டு தடவை புரட்டிப் போட்டு, ஆவணியில்தான் கையில் எடுத்தால் மண்வாசம் வந்தது. அதைப் போட்ட வெண்டி நன்றாகவே காய்க்கிறது. அன்னபேதி மண்ணின் அமிலத்தன்மையைக் கூட்டும் என்பதால் கூடுதலாகப் போடப் பயம், இப்படிக் கலந்து போட்டதில் ஒரு கெடுதலும் காணவில்லை. உங்களுக்கு எப்படி?

பாலையூற்றிலிருந்து:

அக்கா, நீங்கள் போட்டது வெறும் அன்னபேதி, அதனால் தப்பினீர்கள். எனக்கு வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த பக்கற், பாசிக்கும் களைக்கும் சேர்த்து ஒரே மருந்து. செத்த பாசியை வாரித் தக்காளி அடியில் போட்டேன். இரண்டு கிழமைக்குள் குருத்தெல்லாம் முறுக்கிக்கொண்டது, இலை நூல் மாதிரி ஒடுங்கிவிட்டது. வைரஸ் என்று நினைத்து இரண்டு செடியைப் பிடுங்கியும் எறிந்தேன். பிறகுதான் பக்கற்றைத் திருப்பிப் பார்த்தேன்: 2,4-டி. புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் மருந்து. தக்காளி, மிளகாய், பயற்றை எல்லாமே அதற்குள் அடங்கும். அந்தப் பாசியைத் தயவுசெய்து ஒருவரும் எருக்குழியில் போடாதீர்கள்.

எரு மேல் சந்தேகம் வந்தால் இப்போது நான் செய்வது இதுதான்: ஒரு சட்டியில் அதை மண்ணோடு கலந்து ஐந்தாறு பயற்றை விதை போடுவேன். பக்கத்தில் வெறும் மண்ணில் இன்னொரு சட்டி. மூன்று கிழமையில் இரண்டிலும் இலை ஒரே மாதிரி விரிந்தால்தான் தோட்டத்துக்கு.

தம்பலகாமத்திலிருந்து:

கிணற்றடிப் பாசிக்கு குளோரின் தூள் போடுகிறவர்கள் அதையும் எருவில் சேர்க்க வேண்டாம். நான் மருந்தே போடுவதில்லை. சிரட்டையால் சுரண்டி, காயவைத்து, அந்தூரியச் சட்டிகளில் மெல்லிசாகத் தூவுவேன்.

உப்புவெளியிலிருந்து:

பாலையூற்றுத் தம்பி, நன்றி. வெண்டி நன்றாக இருந்தாலும் மனம் கேட்கவில்லை, இன்றைக்கே இரண்டு சட்டி வைத்துவிட்டேன். மழைக்கு முன் மாமரத்தின் தாழ்ந்த கிளை இரண்டை வெட்டி, புல்தரையை முள்ளால் குத்தி இளக்கவும் ஆள் சொல்லியிருக்கிறேன். ஓட்டோ இனி ரோட்டோரம்தான்.