கிளாகோமா அறுவை சிகிச்சை: பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறது?

மூன்றாம்சொட்டு எழுதியது:

அப்பாவுக்கு 62 வயது. பல வருடமாகக் கிளாகோமா (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு சேதமாகும் நோய்). இரவில் லாட்டனோபிராஸ்ட், காலையும் மாலையும் டைமோலாலும் டார்சோலமைடும் கலந்த சொட்டு, அதற்கு மேல் பிரிமோனிடின். ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டார். இத்தனைக்கும் வலது கண்ணில் பிரஷர் 22க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. போன வருடம் ஃபீல்ட் டெஸ்டில் (பார்வைப் பரப்பை அளப்பது) எம்.டி. என்ற சராசரிப் பார்வை இழப்பு மைனஸ் 11 இருந்தது, இப்போது மைனஸ் 14. இனிமேலும் சொட்டை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், ட்ராபெகுலெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியப் புது வழி திறக்கும் ஆபரேஷன்) செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா தயங்குகிறார். காரணம் பெரியப்பா. அவரும் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்தான். இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் கண் மங்கிவிட்டது. “கத்தி வைத்ததால்தான் போச்சு” என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆபரேஷன் எப்படிச் செய்வார்கள், வலிக்குமா என்பதெல்லாம் தெரிந்துகொண்டோம். எனக்கு வேண்டியது அதற்குப் பிறகான கதை. செய்துகொண்டு வருடக்கணக்கில் ஆனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது எவ்வளவு காலம் தாங்கும்?

பிழைதிருத்தி எழுதியது:

தம்பி, எனக்கு இரண்டு கண்ணும் ஆகிவிட்டது. வலது 2006, இடது 2009. அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான். வரியின் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போவதை வைத்துத்தான் என் நோயே தெரியவந்தது. அதனால் பார்வை விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே பேசுவேன்.

வலது கண்ணில் இன்றுவரை சொட்டு இல்லை. பிரஷர் 10, 11, எப்போதாவது 12. இடது கண் அப்படி இல்லை. சில வருடம் நன்றாக இருந்தது, அப்புறம் மெல்ல 17, 18 என்று ஏறியது. நடுவில் புரை எடுத்தார்கள், அதன் பிறகு பிளெப் (வடியும் நீர் வெண்விழித் தோலுக்கு அடியில் தேங்கும் சிறு மேடு) தட்டையாகிவிட்டது. ஊசியால் உள்ளே இருக்கும் தழும்பைக் கீறிவிட்டார்கள் (நீட்லிங் என்பார்கள், பத்து நிமிட வேலை). இப்போது ஒரே ஒரு சொட்டோடு 14இல் நிற்கிறது. ஒரே ஆள், ஒரே சர்ஜன், ஒரே முறை. கண்ணுக்குக் கண் கதை வேறு. ஆகவே “எவ்வளவு காலம் தாங்கும்” என்று கேட்டால் எந்தக் கண்ணைச் சொல்வது?

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குப் புரை வந்ததா, அதை எடுத்தார்களா என்று முதலில் விசாரியுங்கள். ட்ராபெகுலெக்டமிக்குப் பிறகு புரை சீக்கிரம் முற்றும். ஏஜிஸ் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் இந்த ஆபரேஷன் புரைக்கான வாய்ப்பை 78 சதவீதம் கூட்டுகிறது என்று கண்டார்கள். எனக்கும் பார்வை மங்கியது, புரை எடுத்ததும் தெளிந்தது. புரையால் மங்குவது வேறு, நரம்பு செத்து மங்குவது வேறு. வீட்டில் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த ஆபரேஷனால் பார்வை அதிகமாகாது. போன நரம்பு போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத்தான் இது. முதல் சில வாரங்கள் முன்பைவிட மங்கலாகக்கூட இருக்கும், கண்ணாடி பவரும் மாறும். புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் பளிச்சென்று தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்தால் மனம் விட்டுப்போகும்.

அதே ஏஜிஸ் ஆய்வில் எனக்குத் தைரியம் தந்த விஷயமும் உண்டு. ஆறு வருடம், ஒவ்வொரு முறை அளந்தபோதும் 18க்குக் கீழேயே இருந்த கண்களில் ஃபீல்ட் சராசரியாக அப்படியே நின்றது. அந்தக் கண்களின் சராசரிப் பிரஷர் 12 சொச்சம். சராசரி என்பதால் எல்லோருக்கும் அப்படியே என்று அர்த்தமில்லை. ஆனால் 22இல் காத்திருப்பதற்கும் 12இல் காத்திருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இனி நான் பயப்படும் விஷயம். மேல் இமைக்கு அடியில் இருக்கும் அந்தப் பிளெப் மெல்லிய தோல். வருடங்கள் ஆன பிறகும் அதன் வழியாகக் கிருமி உள்ளே போகலாம். ஜப்பானில் ஐந்து வருடம் கவனித்துப் பார்த்ததில் நூற்றில் இரண்டு பேர் அளவுக்குத் தொற்று வந்திருந்தது. குறைவுதான், ஆனால் உள்கண்ணுக்குப் பரவினால் பார்வையே போய்விடும். கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால், பீளை தள்ளினால், பார்வை திடீரென மங்கினால் அன்றைக்கே போக வேண்டும். “நாளைக்குப் பார்க்கலாம்” என்பது இதில் கிடையாது. கண்ணைக் கசக்குவதை அடியோடு விட்டுவிட்டேன். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும் சரி, கண்ணில் பிளெப் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுவேன். சிலர் விழிப்பார்கள், பரவாயில்லை.

இருட்டறை எழுதியது:

கண் மருத்துவமனையில் ஃபீல்ட் டெஸ்ட் எடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் நான். ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் நீங்கள் எப்படியும் இணையத்தில் தேடி “46.9 சதவீதம் தோல்வி” என்ற எண்ணைப் பார்த்துப் பதறுவீர்கள்.

அது TVT என்ற ஆய்வு. கண்ணுக்குள் இருக்கும் நீரை வடிக்கச் சிறு குழாய் (ட்யூப்) வைப்பதையும் ட்ராபெகுலெக்டமியையும் ஐந்து வருடம் ஒப்பிட்டார்கள். ட்யூப் தோற்றது 29.8 சதவீதம். ஆனால் அதில் சேர்ந்தவை எல்லாம் ஏற்கெனவே புரையோ கிளாகோமாவோ ஆபரேஷன் ஆன கண்கள். முன்பு ஆபரேஷனே ஆகாத கண்களை வைத்து அதே குழு பிறகு நடத்திய ஆய்வில் கணக்கு திரும்பிவிட்டது. ஐந்து வருடத்தில் ட்ராபெகுலெக்டமி தோற்றது 35 சதவீதம், ட்யூப் 42 சதவீதம். உங்கள் அப்பாவுக்கு இதுவரை எதுவும் செய்யவில்லை என்றால் இந்த எண்தான் அவருக்குப் பக்கத்தில் வரும்.

அப்புறம், “தோல்வி” என்றால் குருடாவது அல்ல. பிரஷர் 21க்கு மேல் போனாலோ, முன்பிருந்ததைவிட 20 சதவீதமாவது குறையாவிட்டாலோ, 5க்கோ அதற்கும் கீழேயோ விழுந்து அங்கேயே கிடந்தாலோ, மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டாலோ எல்லாமே தோல்விக் கணக்கில் போகும். TVT ஆய்வில் ஐந்தாம் வருடம் ட்ராபெகுலெக்டமி கண்களின் சராசரிப் பிரஷர் 12.6, சராசரியாக ஒன்றுக்குச் சற்று மேலான சொட்டோடு. ஐயாவின் இடது கண் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் ரொம்பக் குறைவதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. விழித்திரை மடிப்பு விழுந்து நடுப்பார்வை கலங்கும். இளவயதில் அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதல்.

உங்கள் அப்பாவின் கண் எப்போதும் சிவந்தே இருக்கிறதா? வருடக்கணக்கில் சொட்டு போட்டவர்களுக்கு, அதில் உள்ள பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தியால் வெண்விழித் தோல் அழற்சியிலேயே இருக்கும். பிரிமோனிடின் ஒவ்வாமையும் சகஜம். அழன்ற தோல் சீக்கிரம் தழும்பு கட்டும், வடிகால் அடைபடும். அதனால் சில டாக்டர்கள் ஆபரேஷனுக்கு முன்பே சொட்டை மாற்றி, கண்ணை ஆற்றிவிட்டுத்தான் கை வைப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம்சொட்டு எழுதியது:

நன்றி ஐயா, நன்றி மேடம். பெரியம்மாவிடம் கேட்டேன். பெரியப்பாவுக்குப் புரை இருக்கிறது என்று சொன்னார்களாம், “இனி அந்தக் கண்ணைத் தொடவே விடமாட்டேன்” என்று இவர்தான் போகவில்லையாம். அப்பாவிடம் சொன்னதும் சிரித்துவிட்டார்.

கண் சிவப்புதான், எப்போதும். மைட்டோமைசின் போடுவோம் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். அது புற்றுநோய் மருந்து என்று படித்ததும் அம்மா பயந்துவிட்டார்.

இருட்டறை எழுதியது:

மருந்து அதுதான், ஆனால் இங்கே வேலை வேறு. சில நிமிடங்கள் வெண்விழித் தோலுக்கு அடியில் வைத்துவிட்டுக் கழுவிவிடுவார்கள். தழும்பு கட்டும் செல்களை அடக்குவதற்காக. இந்த ஆபரேஷனில் புண் முழுவதும் ஆறிவிட்டால் வழி மூடிக்கொள்ளும், அதுதான் சிக்கலே. மைட்டோமைசின் வந்த பிறகு வழி நீண்ட காலம் திறந்திருக்கிறது. பதிலுக்குப் பிளெப் தோல் மெலிந்து, கசிவும் தொற்றும் வர இடம் கொடுக்கலாம். அதனால்தான் அளவு பார்த்துப் போடுகிறார்கள்.

முதல் மூன்று மாதத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். பின்னாளில் எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடுகிறது. ஸ்டீராய்டு சொட்டு அடிக்கடி போட வேண்டும், அடிக்கடி வரச் சொல்வார்கள், தேவைப்பட்டால் லேசரால் தையலை அறுத்து வழியைத் தளர்த்துவார்கள். “நன்றாகத்தானே இருக்கிறது” என்று நடுவில் வராமல் நின்றவர்களின் பிளெப் ஒட்டிப்போனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குழாய்க்கண் எழுதியது:

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வேண்டாமா. எனக்கு யுவியைட்டிஸால் (கண்ணின் உள் அழற்சி) வந்த கிளாகோமா. ட்ராபெகுலெக்டமி ஒரு வருடம்கூட நிற்கவில்லை, தழும்பு மூடிவிட்டது. அப்புறம் ட்யூப் வைத்தார்கள். அது நிற்கிறது. ஆனால் இரண்டு சொட்டு இன்னும் போடுகிறேன், மேலே பார்த்தால் சில சமயம் இரண்டாகத் தெரியும். ட்யூப் நுனி கருவிழிக்கு மிகப் பக்கத்தில் இருந்தால் அதன் உட்புறச் செல்கள் குறையும் என்பதால் அதையும் எண்ணிப் பார்க்கிறார்கள். முதல் ஆபரேஷன் தோற்றால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம், அதற்காகத்தான் எழுதினேன்.

பிழைதிருத்தி எழுதியது:

தம்பி, டாக்டரிடம் “எவ்வளவு காலம் தாங்கும்” என்று கேட்காதீர்கள். இந்தக் கண்ணுக்கு எத்தனை பிரஷர் வேண்டும் என்று நினைக்கிறீர்கள், அதற்கு மேல் ஏறினால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மைனஸ் 14க்கு 18 போதுமா, 12 வேண்டுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரஷர் சரியாக இருந்தாலும் ஃபீல்ட் டெஸ்டை விட்டுவிடாதீர்கள். எனக்கு இன்னமும் எடுக்கிறார்கள், இன்னமும் எனக்கு அது பிடிக்காது. பழைய ரிப்போர்ட் அத்தனையும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

அப்பாவின் இடது கண்ணுக்குச் சொட்டு தொடரும்தானே? ஆபரேஷன் ஆன கண்ணுக்குப் புதுப் பாட்டில்கள் தருவார்கள். இரண்டு கண் மருந்தும் மாறிவிடாமல் மூடியிலேயே “வ”, “இ” என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.