பந்தல் போனது, பாத்ரூம் நிற்கிறது

குழு: மலை வீட்டுச் சொந்தங்கள்
ஞாயிறு, காலை 7:42

ஊட்டி மாமா: 2030 காமன்வெல்த் போட்டியை அகமதாபாத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் ஊட்டிக்கு ஒரு போட்டி வரக்கூடாதா? ஒரு மாதம் வண்டி ஓடினால் டியூ மொத்தமும் அடைந்துவிடும்.

குன்னூர் சித்தி: வந்தால் எங்கேடா ஓட்டுவாய்? சீசனுக்கே ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று பிரித்துவிடுகிறார்கள்.

ஊட்டி மாமா: வீரர்களுக்கு இ-பாஸில் தனி வரிசை இருக்கும் அக்கா.

கோத்தகிரி பெரியப்பா: காலை வணக்கம்.

கோத்தகிரி பெரியப்பா: (ரோஜாப்பூ படம்)

கோத்தகிரி பெரியப்பா: மாப்பிள்ளை, முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் சொல்கிறேன். அந்த ஒரு மாத ஓட்டத்தை நம்பி டியூ கணக்குப் போடாதே. கூட்டத்துக்கும் விலைக்கும் பயந்து, வழக்கமாக வருகிற டூரிஸ்ட் அந்த மாதம் வராமல் போய்விடுவான். 2012 ஆகஸ்டில் லண்டனில் ஒலிம்பிக்ஸ் நடந்தபோதே பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிடக் குறைவு.

நான்: அப்புறம் ஏன் பெரியப்பா எல்லா ஊரும் எனக்கு உனக்கு என்று அடித்துக்கொள்கிறது?

கோத்தகிரி பெரியப்பா: தேதிக்காக.

கோத்தகிரி பெரியப்பா: டைப் செய்கிறேன், பொறு.

மதுரை அக்கா: பெரியப்பா டைப் செய்கிறார் என்றால் இட்லி ஊற்றி எடுத்துவிடலாம்.

கோத்தகிரி பெரியப்பா: உன் கல்யாணத்தையே எடுத்துக்கொள் கண்ணு. குன்னூர் வீட்டில் மாடிக்கு பாத்ரூம் வேண்டும் என்று உன் அம்மா எட்டு வருடம் கேட்டாள். நடக்கவில்லை. 2016-ல் முகூர்த்தம் குறித்தோம், மூன்றே மாதத்தில் இரண்டு பாத்ரூம் எழும்பியது. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் தள்ளிப்போட முடியுமா? ஊருக்கும் அதே கதைதான். பார்சிலோனா கடலோர ஊர். ஆனால் ஊருக்கும் கடலுக்கும் நடுவே தொழிற்சாலைகளும் ரயில் தண்டவாளமும் கிடந்தன. 1992 ஒலிம்பிக்ஸைச் சாக்காக வைத்து அதையெல்லாம் நகர்த்திக் கடற்கரையைத் திறந்தார்கள், ரிங் ரோடு போட்டார்கள். வீரர்கள் தங்கக் கட்டிய குடியிருப்பில் இன்று ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் திட்டம் முன்பே பேசியதுதான், போட்டி வந்ததால் கெடு விழுந்தது.

ஊட்டி மாமா: அத்தான், இது மெசேஜா, மார்னிங் அசெம்பிளியா?

மதுரை அக்கா: அதே பார்சிலோனாவில் 2024-ல் கூட்டம் தாங்காமல் டூரிஸ்ட்கள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்தார்களே பெரியப்பா.

குன்னூர் சித்தி: அடிக்கத்தான் வேண்டும். மே மாதம் என் கேட்டை மறித்துக் கார் போடுகிறவன் மேல் நானும் குழாயைத் திருப்பப் போகிறேன்.

ஊட்டி மாமா: அவன் உன் ஹோம்ஸ்டேவுக்கு வந்தவன் அக்கா.

குன்னூர் சித்தி: நான் சொன்னது பக்கத்து லாட்ஜுக்கு வருகிறவனை.

கோத்தகிரி பெரியப்பா: மதுரைக் கண்ணு பேச்சிலும் நியாயம் இருக்கிறது, கூட்டம் வருவது மட்டும் லாபம் இல்லை. பாரிஸைப் பாருங்கள். அங்கே சென் ஆற்றில் குளிக்க 1923 முதல் தடை. மழை வலுத்தால் சாக்கடையும் சேர்ந்து ஆற்றில் வழியும். 2024 ஒலிம்பிக்ஸில் நீச்சல் வைக்கிறோம் என்று வாய் கொடுத்துவிட்டதால் 140 கோடி யூரோ செலவு செய்தார்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க மண்ணுக்கு அடியில் 5 கோடி லிட்டர் தொட்டி கட்டினார்கள். போன வருடம், 2025 ஜூலையில், பொதுமக்களே இறங்கிக் குளித்தார்கள்.

குன்னூர் சித்தி: அப்படியென்றால் ஊட்டி ஏரியிலும் ஒரு நீச்சல் போட்டி வைக்கச் சொல்லுங்கள் அத்தான். கோடப்பமந்து கால்வாயில் ஏரிக்கு வரும் சாக்கடை அப்போதாவது நிற்கும்.

ஊட்டி மாமா: முதலில் யார் இறங்குவது?

குன்னூர் சித்தி: போட்டி கேட்டவன் நீதானே.

மதுரை அக்கா: எங்கள் ஊர்க் கதையும் கேளுங்கள். ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி, 2025 நவம்பர் 28-லிருந்து டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடு. இதற்காகவே மதுரை ரேஸ்கோர்ஸில் புதிதாக ஹாக்கி அரங்கம் கட்டினார்கள். வந்தவர்கள் டர்ஃபைச் சுருட்டிக்கொண்டா போனார்கள்? அது இங்கேயேதான் கிடக்கிறது. என் பையன் மட்டை கேட்டு நச்சரிக்கிறான்.

கோத்தகிரி பெரியப்பா: வாங்கிக் கொடு. பணம் நான் தருகிறேன்.

நான்: சின்னதாகக்கூட நடத்தலாம் போல. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட்! 180 நாடுகளுக்கு மேல் வந்தார்கள். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, நமக்குத் தயாராக நாலு மாதம்தான் கிடைத்தது. ஸ்டேடியமே தேவைப்படவில்லை.

ஊட்டி மாமா: நேப்பியர் பாலத்துக்கே செஸ் கட்டம் வரைந்தார்களே, அது. ஊட்டியிலும் மேஜை நாற்காலி இருக்கிறது.

கோத்தகிரி பெரியப்பா: நமக்குப் போட்டியே வேண்டாம் மாப்பிள்ளை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று லேசு, அதனால் ரத்தத்தில் சிவப்பணு கூடும். பெரிய போட்டிக்கு முன்னால் ஓட்டக்காரர்கள் இந்த மாதிரி உயரத்தில்தான் மூன்று நான்கு வாரம் தங்கிப் பயிற்சி எடுப்பார்கள். ஒரு நல்ல ஓடுதளம், சுத்தமான தண்ணீர், சத்தம் இல்லாத அறை. அகமதாபாத் போகிறவர்களில் நாலு அணி இங்கே வந்துவிட்டுப் போனால் போதும்.

குன்னூர் சித்தி: நாலு வாரமா? சீசன் இல்லாத மாதமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். காலைச் சாப்பாடு சேர்த்தே தருகிறேன்.

குன்னூர் சித்தி: ஆனால் அந்த இரண்டு பாத்ரூம் இல்லை என்றால் எனக்கு ஹோம்ஸ்டேவே இல்லை. அது உண்மை.

மதுரை அக்கா: அப்படியானால் வாடகையில் எனக்குப் பங்கு. கல்யாணம் செய்துகொண்டது நான்.

ஊட்டி மாமா: பங்கு கேட்டால் கடனிலும் பங்கு உண்டு பாப்பா.

கோத்தகிரி பெரியப்பா: மாப்பிள்ளை சரியான இடத்துக்கு வந்தான். மாண்ட்ரியல் 1976-ல் நடத்திய ஒலிம்பிக்ஸ் கடனை 2006-ல்தான் அடைத்து முடித்தது. முப்பது வருடம்! ஏதென்ஸில் 2004-க்குக் கட்டிய அரங்கங்கள் பலவற்றில் களைதான் முளைத்தது. ஆனால் அதே சமயத்தில் வந்த மெட்ரோவில் ஊர் இன்றும் போய்வருகிறது. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அரங்கம் என்கிற பந்தலுக்கு அதிகம் செலவு செய்யவில்லை. 1932-ல் நடத்திய அதே பழைய அரங்கத்தைத் தூசி தட்டினார்கள். 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம்.

மதுரை அக்கா: என் கல்யாணத்தில் பந்தலுக்கு எவ்வளவு ஆனது? எனக்குச் சொல்லவே இல்லை.

குன்னூர் சித்தி: அதை ஏன் இப்போது கிளப்புகிறாய்?

குன்னூர் சித்தப்பா: பந்தலுக்கும் சமையலுக்கும் வாங்கியதை 2019 மார்ச் வரை கட்டினேன். பாத்ரூம் கடன் தனி.

மதுரை அக்கா: அப்பா!

குன்னூர் சித்தி: நீங்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்களா? மாடிக்கு வந்து டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுகிறது.