லேத் பட்டறையும் கொள்முதல் அறையும்: 41 வயதில் சடையை வெட்டலாமா?

பட்டறைக்காரி, கோவை:

வணக்கம். கேள்வி சின்னதுதான். ஆனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

எனக்கு 41 வயது. ஆவாரம்பாளையத்தில் பம்பு உதிரிபாகம் கடையும் சிறிய பட்டறை எங்களுடையது. மூன்று லேத், ஒரு மில்லிங், இரண்டு டிரில்லிங் இயந்திரம், என்னோடு சேர்த்துப் பத்துப் பேர். அப்பா தொடங்கியது. அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு மூன்று ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் பவுண்டரிக்குப் போய் வார்ப்புகளைப் பொறுக்கி எடுப்பேன். பதினொரு மணிக்கு வங்கியிலோ ஏதாவது பம்பு கம்பெனியின் கொள்முதல் அறையிலோ உட்கார்ந்திருப்பேன். மதியத்துக்கு மேல் லேத் பக்கத்தில். எல்லா இடத்துக்கும் ஸ்கூட்டர், எனவே தலையில் ஹெல்மெட்.

என் முடி இடுப்பைத் தொடும். அடர்த்தி, அதிலும் சுருட்டை. குளித்துவிட்டு வந்தால் காய மூன்று மணி நேரம். அவ்வளவு நேரம் யாரிடம் இருக்கிறது? ஈரத்தோடு பின்னி, அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். கொள்முதல் அறையில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது நெற்றிப் பக்கத்து முடியெல்லாம் தேங்காய் நார் மாதிரி எழுந்து நிற்கும். பேசிக்கொண்டே ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டிருப்பேன். முகம் அகலம். பள்ளிக்காலத்தில் ரிப்பன் வைத்து இழுத்துக் கட்டிய இரட்டைச் சடையில் தொடங்கி இன்றுவரை நடு வகிடுதான். இப்போது அந்த வகிடு அகலமாகத் தெரிகிறது, இரு நெற்றிப்பொட்டுப் பக்கமும் முடி மெலிந்திருக்கிறது.

இதெல்லாம் பழகிய விஷயம். போன மாதம் நடந்ததுதான் இந்தக் கேள்விக்குக் காரணம். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் ஒன்றின் முகப்பு சரியாக வந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். தோளுக்குப் பின்னால் கிடந்த சடை சரிந்து முன்னால் விழுந்தது. உருப்படியைப் பிடித்துச் சுழன்றுகொண்டிருந்த லேத் சக்குக்கும் சடை நுனிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. எங்கள் மூத்த டர்னர் அண்ணன் ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. சக்கு நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

இன்னொரு பக்கம், கொள்முதல் அறைகளில் "ஓனர் வரலையா மேடம்?" என்ற கேள்வி. தூக்கிவாரி முடித்த கொண்டையோடும், பளிச்சென்று வெட்டிய முடியோடும் வரும் பெண்களிடம் இப்படிக் கேட்பதை நான் பார்த்ததில்லை. முடிதான் காரணமா?

ஆறு வாரத்தில் கொடிசியா வளாகத்தில் ஒரு கண்காட்சி. முதல்முறையாக ஸ்டால் எடுத்திருக்கிறோம். அதற்குள் முடிவெடுக்க வேண்டும். வெட்டலாமா? எவ்வளவு? நேராக்கிக்கொள்ளலாமா? அம்மாவிடம் பேச்செடுத்தேன். "சடை போனா வீட்டு லட்சுமி போயிடும் கண்ணு" என்றார். லட்சுமி வங்கிக் கடனாக வந்து உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை மல்லிகைப்பூ வைப்பேன். அதையும் விட்டுவிட வேண்டுமா?

நெட்டைக் கூந்தல்:

வெட்டுங்கள் அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்திரா நூயி 2006 முதல் 2018 வரை பெப்சிகோவை நடத்தியது குட்டை முடியோடுதான். கிரண் மஜும்தார் ஷாவும் அப்படித்தான். பாப் வெட்டிவிட்டால் காலையில் ஒரு மணி நேரம் மிச்சம். (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இது பழைய பெயர், முடி போய் ஐந்து வருடம் ஆகிறது.)

ஓய்வுபெற்ற மேலாளர், மதுரை:

பட்டறைக்காரிக்கு, 32 ஆண்டுகள் வங்கியில் இருந்து, அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில் உட்கார்ந்த ஒருத்தி எழுதுகிறேன். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து என்ன தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

முடியின் நீளம் எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. கை தெரியும். "அடுத்த ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்கும்போது எதிரே இருப்பவரின் கை காதோர முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தால், தொகை அவருக்கே நிச்சயமில்லையோ என்று தோன்றிவிடும். ஆண்கள் பேனாவை டக்டக் என்று அமுக்கினாலும் எனக்கு அதே எண்ணம்தான். அது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. ஆனால் தோன்றும். ஆகவே, எந்த அலங்காரமானாலும் சரி, உட்கார்ந்தபின் கை தலைக்குப் போகக் கூடாது. கண்ணாடி முன்னால் அழகு பார்ப்பதைவிட இதைச் சோதித்துப் பாருங்கள். வீட்டில் அரை மணி நேரம் கணக்கு நோட்டோடு உட்காருங்கள், கை எத்தனை முறை மேலே போகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.

"ஓனர் வரலையா" கேள்விக்கும் கூந்தலுக்கும் சம்பந்தம் இல்லை. நான் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே "மேனேஜர் சார் இல்லீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்போது எனக்குக் கழுத்தளவு முடி. முன்பு நீளமாக இருந்தபோதும் கேட்டார்கள். அதற்காக வெட்டுவதாக இருந்தால் வீண் செலவு. சக்குக்காக வெட்டுங்கள், அது சரியான காரணம்.

பூ: 32 ஆண்டும் வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

கத்தரிக்கோல், திருச்சி:

அக்கா, நான் தில்லைநகரில் பெண்களுக்கான அழகு நிலையம் வைத்திருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் கை பரபரத்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், பாப் வேண்டாம். நெட்டைக் கூந்தல் கோபித்துக்கொள்ளக் கூடாது. அகல முகத்துக்கு முகவாய் மட்டத்தில் வெட்டினால், முடி முடிகிற இடமும் முகம் அகலமாக இருக்கிற இடமும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். சுருட்டை வேறு பக்கவாட்டில் உப்பும். பார்க்கிறவர் கண் அங்கேயே நிற்கும். அதைவிட முக்கியம், பாப் வெட்டினால் கட்ட முடியாது. கட்ட முடியாத முடியும் லேத் பக்கத்தில் ஆபத்துதான். குனிந்தால் முகத்தில் விழும், கண்ணை மறைக்கும்.

உங்களுக்கு நான் சொல்கிற அளவு: காறை எலும்புக்குக் கீழே நான்கு விரல். உலர்ந்த நிலையில் அளந்தது, ஈரத்தில் அல்ல. சுருட்டை முடியை ஈரத்தில் இழுத்துப் பிடித்து வெட்டினால் காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறிவிடும். "இவ்வளவா வெட்டச் சொன்னேன்?" என்று அழுதுகொண்டு வருகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். உங்கள் ஊரில் யாரிடம் போனாலும் காய்ந்த முடியில் வெட்டச் சொல்லுங்கள், ஒரே நாளில் முழுதும் வேண்டாம். முதலில் நான்கு விரல் கூடுதலாக விட்டு வெட்டிக்கொண்டு, பத்து நாள் வாழ்ந்து பார்த்துவிட்டு மறுபடி போங்கள்.

அடுத்தது லேயர். முகத்துக்கு அழகு என்று முன்பக்கம் குட்டை குட்டையாக எடுத்துவிடுவார்கள். உங்களுக்கு அது கூடவே கூடாது. கூட்டத்தில் முகத்துக்கு எடுப்பாகத் தெரிகிற அதே முடிதான் பட்டறையில் ரப்பர் பேண்டிலிருந்து நழுவி வெளியே வரும். கத்தரிக்கோலை வைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். முன்முடியை எடுத்துப் பின்கழுத்தில் கொண்டுபோய்ப் பிடியுங்கள். அங்கே எட்டி, அதற்கும் மேல் இரண்டு விரல் மிச்சம் இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையான முடி தலையில் எங்கேயும் இருக்கக் கூடாது. நுனியில் மட்டும் கனம் குறைத்தால் போதும்.

வகிட்டை நடுவிலிருந்து இடது பக்கம் இரண்டு விரல் தள்ளுங்கள். முதல் வாரம் முடி பழைய இடத்துக்கே போய் விழும், ஈரத்தில் வாரி ஒரு பின் குத்திவைத்தால் பழகிவிடும். வகிட்டை இப்படித் தள்ளினால் அகலமான கோடும் மறையும், முகமும் கொஞ்சம் நீண்டு தெரியும். பொட்டுப் பக்கம் மெலிந்தது பெரும்பாலும் பல வருடம் இறுக்கி இழுத்ததால் வருவது. தளர்த்திக் கட்டினால் மெலிவு மேலும் பரவாது. ஆனால் வேர் நிரந்தரமாகக் கெட்டுப்போயிருந்தால் எண்ணெயோ நானோ ஒன்றும் செய்ய முடியாது. ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நேராக்குவது: வேண்டாம் என்பேன், எனக்கு வருமானம் போனாலும் பரவாயில்லை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். நான்கைந்து மாதத்தில் வேர்ப்பக்கம் சுருட்டையும் நுனிப்பக்கம் குச்சியுமாக நிற்கும். அப்புறம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கெரட்டின் என்ற பெயரில் வருகிற சில மருந்துகள் சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடு புகை விடும். போடுகிறவருக்கும் போட்டுக்கொள்கிறவருக்கும் கண் எரியும்.

எழுந்து நிற்கிற நெற்றி முடிக்குக் காரணம் பாதி ஈரத்தில் பின்னுவது, பாதி போர் தண்ணீர். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் சிறுவாணித் தண்ணீர் எடுத்து வையுங்கள். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுங்கள். ஈரம் சொட்டாத பதத்தில் இரண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மேலாகத் தடவி, அகலப் பல் சீப்பால் ஒருமுறை மட்டும் வாருங்கள். காய்ந்தபின் சீப்பு கிட்டேயே போகக் கூடாது.

பட்டறைக்காரி, கோவை:

இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு நன்றி. மேலாளர் அம்மா சொன்ன சோதனையைச் செய்தேன். அரை மணி நேரத்தில் 19 முறை என்று என் மகன் எண்ணிச் சொன்னான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கத்தரிக்கோல் தங்கைக்கு ஒரு கேள்வி. அந்த நீளத்தில் ஸ்கூட்டரில் போகும்போது எப்படிக் கட்டுவது? கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது.

கத்தரிக்கோல், திருச்சி:

கொண்டையின் மேல் ஹெல்மெட் போடவே கூடாது அக்கா. பின்பக்க விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும், அப்புறம் அது ஹெல்மெட்டே இல்லை. வண்டியில் தளர்வான ஒற்றைப் பின்னல், உள்ளே மெல்லிய பருத்தித் துணி. இறங்கியதும் கொண்டை. அதை எப்படிப் போடுவது என்பதை யாராவது மூத்தவர்கள் சொல்லட்டும், நான் டோனட் என்கிற ஸ்பாஞ்சு வளையம் வைத்துக் கொண்டை போட்டுப் பழகியவள்.

தமிழாசிரியை, கும்பகோணம்:

மூத்தவள் வந்துவிட்டேன். டோனட்டும் வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம். எங்கள் காலத்துப் பிச்சோடா போதும். கூந்தலை ஐந்து வகையாக முடிந்து அதற்கு ஐம்பால் என்று பெயரும் வைத்த மொழிக்காரர்கள் நாம், அவற்றில் கொண்டையும் ஒன்று. ஒரு ஹெல்மெட்டைப் பார்த்தா அஞ்சுவது?

வண்டியிலிருந்து இறங்கும்போது பின்னல் இருக்கிறதல்லவா, அதை அவிழ்க்க வேண்டாம். பின்னலை அடியிலிருந்து நத்தை ஓடு மாதிரி பின்கழுத்தின் பள்ளத்திலேயே சுற்றுங்கள், நுனியை அடியில் செருகுங்கள். உச்சிக்குக் கொண்டுபோக வேண்டாம், அங்கே ஏற்றினால் கனம் இழுத்துத் தலை வலிக்கும். பிறகு கொண்டை ஊசி. எல்லோரும் தவறு செய்கிற இடம் இதுதான். ஊசியை நேராகக் குத்தினால் பத்து நிமிடத்தில் நழுவிவிடும். முதலில் ஊசியின் நுனி வெளிப்பக்கம் பார்த்திருக்க, கொண்டையின் ஓரத்து முடியைக் கொஞ்சம் கோத்துப் பிடியுங்கள். பிறகு ஊசியை அப்படியே திருப்பி, தலையோடு ஒட்டி உள்பக்கம் தள்ளுங்கள். 'கிளுக்' என்று பிடித்துக்கொள்வது விரலுக்கே தெரியும். நான்கு பக்கமும் நான்கு ஊசி. மணி அடித்து வகுப்புக்குப் போவதற்குள் நடந்துகொண்டே போட்டவள் நான், கண்ணாடியெல்லாம் பார்த்ததில்லை.

அகல முகத்துக்குத் தாழ்ந்த கொண்டை பொருந்தும். காதை மூடாமல், இறுக்கி இழுக்காமல் வாருங்கள். பூவைக் கொண்டையின் அடியில் ஒரு முழத்தில் பாதி வையுங்கள். முன்னால் தெரியாது, வாசனை மட்டும் வரும்.

பட்டறைக்காரி, கோவை:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். மன்னியுங்கள், கண்காட்சி வேலை.

வெட்டிவிட்டேன். கத்தரிக்கோல் தங்கை சொன்னபடி இரண்டு தவணையில், காய்ந்த முடியில். பின்னலாகவே கட்டி வெட்டித் தரச் சொன்னேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அம்மா ஒன்றும் பேசாமல் வாங்கி, மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதில் சவரி செய்யச் சொல்லி ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். என் மகன் கல்யாணத்துக்கு நான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். அவன் எட்டாம் வகுப்பு படிக்கிறான்.

பிச்சோடா முதல் வாரம் வரவில்லை. ஊசியைத் திருப்பித் தள்ளும் வித்தை எட்டாம் நாள்தான் பிடிபட்டது. இப்போது வண்டியைப் பூட்டிவிட்டு லிஃப்டுக்கு நடப்பதற்குள் முடிந்துவிடுகிறது. மகனை மறுபடி எண்ணச் சொன்னேன், 4 முறை. அதில் ஒன்று உண்மையாகவே அரித்ததற்கு.

கண்காட்சியில் மூன்று பேர் "ஓனர் எப்ப வருவார்?" என்று கேட்டார்கள். மேலாளர் அம்மா சொன்னது சரி. ஒருவருக்கு இம்பெல்லரின் பேலன்சிங் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் கேட்கவில்லை, நானாக விளக்கினேன். மாதிரிக்கு ஐம்பது உருப்படி கேட்டிருக்கிறார், பார்ப்போம்.

ஒரே ஒரு சிக்கல். போன செவ்வாய்க்கிழமை டர்னர் அண்ணன் லேத் தட்டில் கிடந்த இரும்புத் தூளைக் காந்தத்தால் எடுத்தபோது, அதோடு என் கொண்டை ஊசி ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். இந்த முறையும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து பட்டறைக்குள் போகும்போது ஊசியை எடுத்துவிட்டு, கொண்டையின் மேல் வலை போட்டுத் தொப்பி அணிகிறேன். ஆனால் இங்கே கடைகளில் கிடைப்பதெல்லாம் பரதநாட்டியக் குழந்தைகளுக்கான சின்ன வலை. என் கொண்டைக்குப் பத்தவில்லை, இரண்டு கிழிந்துவிட்டது. பெரிய அளவு, கெட்டியான நூல் வலை எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா?