அந்நியச் செலாவணிக் கையிருப்பு: மூன்று மாத இறக்குமதிக் கணக்கு போதுமா?

கேள்வி:
மூன்று மாத இறக்குமதிக்கு ஈடான கையிருப்பு இருந்தால் வளரும் நாட்டுக்குப் போதும் என்று படித்திருக்கிறேன். அதைவிட அதிகம் வைத்திருந்த நாடுகளும் விழுந்திருக்கின்றனவே. எதைப் பார்த்து மதிப்பிடுவது?

பதில் 1:
டாலர் பெரும்பாலும் இறக்குமதிக்காகவே வெளியேறிய காலத்துக் கணக்கு அது. இப்போது அடி கடன் பக்கமிருந்து விழுகிறது. அடுத்த 12 மாதங்களில் கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடனைக் கூட்டுங்கள். தனியார் நிறுவனங்கள், வங்கிகளின் கடனும் சேர்த்து. கையிருப்பை அதால் வகுத்தால் ஒன்றுக்குக் குறையக் கூடாது. இதைத்தான் கிரீன்ஸ்பான்-கிடோட்டி விதி என்கிறார்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பத்தாண்டுக் கடனில் இந்த ஆண்டு முதிரும் தவணையும் இதில் வர வேண்டும். ஆகவே, கடன் வாங்கியபோது குறித்த காலத்தை வைத்துப் பிரித்த அட்டவணை உதவாது. எஞ்சியிருக்கும் காலத்தை வைத்துப் பிரித்ததை எடுங்கள்.

பதில் 2:
அந்த வகுத்தலில் கையிருப்பு எண்ணையே முதலில் சந்தேகிக்க வேண்டும். 1997 ஆகஸ்டில் தாய்லாந்தின் கையிருப்பு ஏட்டில் ஏறக்குறைய 3,000 கோடி டாலர். ஆனால் பாட் நாணயத்தைத் தாங்கிப் பிடிக்க மத்திய வங்கி முன்பேரத்தில் (பின்னொரு தேதியில் தருவதாக ஒப்புக்கொண்டு) விற்றிருந்த டாலர் 2,340 கோடி. அந்த விவரம் வெளியே வந்ததே அந்த மாதம்தான்.

2022இல் இலங்கைக் கணக்கில் சீனாவின் 1,000 கோடி யுவான் ஸ்வாப்பும் (மத்திய வங்கிகள் தங்கள் நாணயங்களை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) இருந்தது. கையிருப்பு மூன்று மாத இறக்குமதிக்கு மேல் இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை! தேவைப்படும் நேரத்தில் பூட்டிக்கொள்ளும் பணத்தைக் கையிருப்பாக எண்ணவே கூடாது.

சர்வதேச நாணய நிதியம் வகுத்த மாதாந்திரக் கையிருப்புப் படிவத்தை வெளியிடும் நாடு என்றால், அதன் இரண்டாம் பகுதியைப் பாருங்கள். முன்பேரக் கடப்பாடுகள் அங்கே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் முடிந்தவரை குவித்துக்கொள்வது நல்லதா?

பதில் 1:
குவிப்பதற்கும் விலை உண்டு. டாலர் வாங்க மத்திய வங்கி உள்நாட்டுப் பணத்தை வெளியே விடுகிறது. விலைவாசி ஏறாமலிருக்கப் பத்திரம் விற்று அதைத் திரும்ப உறிஞ்சுகிறது. பத்திரத்துக்கு 7% வட்டி கொடுத்து, டாலர் முதலீட்டில் 4% ஈட்டினால், 1,000 கோடி டாலருக்கு ஆண்டுக்கு 30 கோடி டாலர் நட்டம் (நாணய மதிப்பு மாறாதவரை). மேலும் கையிருப்பு பெருகியதைப் பார்த்த நிறுவனங்கள், நாணயம் விழாது என்று நம்பி, அந்த வீழ்ச்சிக்கு எதிரான காப்பு எடுக்காமலே டாலர் கடன் வாங்கத் தொடங்கும். அதனால் கையிருப்பைக் கூட்டும்போதே குறுகிய கால டாலர் கடனுக்கும் வரம்பு போட வேண்டும்.