இரண்டு முறை பட்டி பார்த்தும் சுவர் பொரிகிறது, குளியலறையை ஒட்டிய சுவர், உதவி தேவை

ஞாயிறு தச்சன்:
வணக்கம். படுக்கையறையின் ஒரு சுவருக்கு மறுபக்கம் குளியலறை. நாலரை அங்குலச் செங்கல் சுவர், அந்தப் பக்கம் மேல்வரை டைல்ஸ், இந்தப் பக்கம் சிமெண்ட் பூச்சு, பட்டி, பெயின்ட். இதை ஒட்டி நானே அடித்த புத்தக அலமாரி ஒன்று நிற்கிறது (மரவேலை எனக்கு வாரக்கடைசிப் பைத்தியம்). மூன்று மாதம் முன்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மக்கல் வாசனை. நகர்த்திப் பார்த்தால் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது, விரல் பட்டால் பொலபொலவென்று மாவாக உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ பூத்திருந்தது. அகலம் நாலடி இருக்கும்.

சுரண்டினேன், உப்புத்தாள் போட்டேன், பிரைமர் அடித்து இரண்டு கை பட்டி பார்த்து பெயின்ட் அடித்தேன். மூன்றே வாரம். இரண்டாவது தடவை, நீர் புகாது என்று டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருந்த பட்டியைப் பூசினேன், அது நாலு வாரம் தாங்கி அப்புறம் தகடு தகடாக உரிந்து விழுந்தது, முன்பைவிட அகலமாக.

பைப் ஒழுகல் இல்லை, அதை உறுதி செய்துவிட்டேன். இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்து வைத்தேன், காலையில் ஒரு புள்ளிகூட நகரவில்லை. அப்படியென்றால் தரையிலிருந்து ஏறும் ஓதம்தானே? எந்த பெயின்ட் அடித்தால் நிற்கும்? படம் இணைத்திருக்கிறேன்.

மாடிவீடு:
எங்கள் வீட்டிலும் இதே கதை. எபாக்சி கோட்டிங் ஒன்று அடித்தோம், அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. சாதாரண பெயின்ட்டெல்லாம் வேலைக்கு ஆகாது, சுவரை நன்றாக அடைத்துவிடுங்கள்.

கரணை:
தச்சரே, பெயின்ட் பேச்சை ஓரமாக வையுங்கள், முதலில் படத்தில் அந்தக் கொப்புளத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். அந்த லைனின் எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்) இப்போதே இறக்கிவிடுங்கள், சுவர் காயும்வரை அது இறங்கியே இருக்கட்டும். ஈரச் சுவருக்குள் மின்பெட்டி என்பது விளையாட்டு இல்லை.

மாடிவீடு சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்கு அந்த இடத்தில் வரவில்லை சரி, பக்கத்தில் எங்காவது வந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? தச்சருக்கு இரண்டாவது தடவை ஏன் அகலமாக வந்தது? இந்தச் சுவரின் அந்தப் பக்கம் டைல்ஸ், அதன் வழியாக ஈரம் அவ்வளவாக வெளியேறாது. மூச்சுவிட இருப்பது படுக்கையறைப் பக்கம் மட்டும்தான். அதையும் நீர் புகாத பட்டியால் அடைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பட்டியின் ஓரத்தைத் தேடிப் போகும், கிடைத்த இடத்தில் வெளியே வரும். அந்த வெள்ளைப் பஞ்சு பூஞ்சை இல்லை, உப்பு. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து, ஆவியாகும் இடத்தில் விட்டுவிட்டுப் போகிறது. பட்டிக்கு அடியில் படிகமாக வளரும்போது அது பட்டியையே நெம்பித் தள்ளும். சந்தேகமிருந்தால் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள், உப்பு கரைந்துவிடும், பூஞ்சை கரையாது.

எதற்கும் ஒரு சோதனை. அலுமினியத் தாள் ஒன்றரை அடி சதுரம் வெட்டி, பொரிந்த இடத்தில் சுரண்டிவிட்டு நாலு ஓரமும் காற்று போகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். நீர்த்துளி அறையைப் பார்த்த பக்கம் இருந்தால் அறைக் காற்றின் ஈரம், சுவரைப் பார்த்த பக்கம் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதோடு ஒரு வாரம் அந்தக் குளியலறையைப் பூட்டி வைத்து, ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் வரைந்து, சுருங்குகிறதா என்று பாருங்கள்.

ஞாயிறு தச்சன்:
எம்சிபி இறக்கிவிட்டேன், நன்றி அண்ணா, அந்த பிளக் பாயின்ட் எனக்குத் தோன்றவே இல்லை. உப்பு கரைந்துவிட்டது. வீட்டில் வேறு எந்தச் சுவரிலும் இந்தத் தொல்லை இல்லை, இதே சுவரிலும் அந்த நாலடிதான், மிச்சம் எட்டடி எலும்பு மாதிரி காய்ந்திருக்கிறது.

பழைய பைப்:
அந்தக் கடைசி வரியை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம் தம்பி. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவரின் நீளத்துக்கு ஒரு பட்டை மாதிரி வரும், நாலடியோடு நல்ல பிள்ளையாக நிற்காது. இது ஒழுகல்தான்.

மீட்டர் நகரவில்லை, அதனால் பைப் ஒழுகல் இல்லை என்கிறீர்கள். அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு மீட்டர் பார்த்தால், வால்வு வரைக்கும் வரும் குழாய் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். வால்வைத் தாண்டி ஷவருக்கு ஏறுகிறதே ஒரு குழாய், அதில் வால்வு மூடியிருக்கும்போது அழுத்தமே கிடையாது. அதில் ஓட்டை இருந்தாலும் ராத்திரி முழுக்க மீட்டர் சும்மாதான் நிற்கும். காலையில் நீங்கள் ஷவரைத் திறந்து குளிக்கும் பத்து நிமிஷம்தான் அது ஒழுகும், அந்த நேரம் மீட்டர் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கு எப்படித் தெரியும்?

கரணை சொன்ன ஒரு வாரப் பூட்டு எனக்கு ஒத்துவரவில்லை. மாதக்கணக்கில் குடித்த செங்கல் ஒரு வாரத்தில் எல்லையைக் காட்டாது, குழம்பிப் போவீர்கள். நேரடியாகச் சோதியுங்கள். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த கைக்குழாயின் (சுவரிலிருந்து நீளும் ஷவர் ஆர்ம்) மரையில் ஒரு எண்ட் கேப், அதாவது மூடி, போட்டு இறுக்குங்கள். இப்போது ஷவர் வால்வைத் திறங்கள், வீட்டில் வேறு ஒரு சொட்டும் யாரும் எடுக்கக்கூடாது. மீட்டரில் எண்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரமோ முக்கோணமோ இருக்கும், மெல்லிய ஓட்டத்துக்கும் அது சுற்றும். அதையே பார்த்துக்கொண்டிருங்கள். வெந்நீர், தண்ணீர் இரண்டு வால்வு இருந்தால் தனித்தனியாகத் திறந்து பாருங்கள்.

அது அசையவில்லை என்றால்தான் வடிகாலைச் சந்தேகப்பட வேண்டும். தரை வடிகாலைப் பந்தோ துணியோ வைத்து அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, டைல்ஸில் டேப்பால் அடையாளம் வைத்து இரவு முழுக்க விடுங்கள். பக்கத்திலேயே ஒரு தட்டில் தண்ணீரும் வையுங்கள், ஆவியாகிக் குறைவது எவ்வளவு என்று அது சொல்லும்.

சுண்ணாம்பு:
ஒரு கேள்வி. ஷவர் கை தலைக்கு மேலே இருக்கிறது, ஈரம் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. நடுவில் ஐந்தடி சுவர் காய்ந்து கிடக்க, கீழே மட்டும் எப்படி?

பழைய பைப்:
நல்ல கேள்வி. குழாய் பதிக்கச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டுவார்கள், குழாயை வைத்துவிட்டு மேலோட்டமாகக் கலவை பூசி மூடுவார்கள், குழாயைச் சுற்றிக் காடி முழுதாக நிரம்புவது அபூர்வம். ஒழுகும் தண்ணீருக்கு அந்தக் காலி இடம்தான் வழி, குழாயைப் பிடித்துக்கொண்டு நேராக இறங்கித் தரையில் முட்டி நிற்கும், அங்கிருந்து இரண்டு பக்கமும் செங்கல் உறிஞ்சும். ஒழுகுகிற இடத்தில் எட்டிப் பார்க்காமல் ஐந்தடி கீழே வந்து முகம் காட்டுவது தண்ணீரின் சுபாவம்.

ஞாயிறு தச்சன் (ஆறு நாள் கழித்து):
சரி, தலையில் அடித்துக்கொள்ளும் பகுதி.

அலுமினியத் தாளைப் பிரித்தேன், சுவர்ப் பக்கம் வியர்த்து ஊற்றியிருந்தது, அறைப் பக்கம் வறண்டிருந்தது. வடிகாலையும் சோதித்தேன், காலையில் டேப் அடையாளத்துக்குக் கீழே ஒரு மயிரிழைதான் இறங்கியிருந்தது, தட்டிலும் அதே அளவுதான், ஆக வடிகால் நிரபராதி. அப்புறம் எண்ட் கேப் போட்டு ஷவரைத் திறந்துவிட்டு மீட்டர் முன்னால் குந்தினேன். முதலில் ஒன்றுமில்லை. நிழலா, என் கண்ணா என்று தெரியாத மாதிரி அந்தச் சிவப்பு நட்சத்திரம் ஒரு துடிப்பு துடித்தது, நின்றது, திரும்ப ஒரு துடிப்பு. பிறகு சோம்பேறித்தனமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. உள்ளே ஓடி வால்வை மூடச் சொன்னேன், நின்றுவிட்டது. திறந்தோம், சுற்றியது. மூன்று தடவை செய்து பார்த்தோம்.

இப்போது ஒப்புதல் வாக்குமூலம். நாலு மாதம் முன்பு பழைய ஷவர் தலையைக் கழற்றிப் புதிதாக மாட்டியது நான்தான். பழையது உப்பேறி இறுகிப்போயிருந்தது, ஸ்பேனர் போட்டுத் திருகும்போது தலை வராமல் கைக்குழாயே கால் சுற்று சுற்றிக்கொண்டு வந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கை கோணலாக நிற்கிறதே என்று கையால் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டேன். ஒரு மாதத்தில் மக்கல் வாசனை. இரண்டு தடவை பட்டி பார்த்த மனுஷனுக்கு இது ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

பழைய பைப்:
ஞாபகம் வந்ததே பெரிது. சுவரை உடைக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மரையில் சுற்றிய டெஃப்லான் டேப் இறுக்கும் திசையில் மட்டும்தான் அடைக்கும், கால் சுற்று பின்னால் வந்தாலே கிழிந்து வழி விட்டுவிடும், அப்புறம் முன்னால் திருப்பினாலும் அது பழையபடி ஆகாது.

ஷவர் கையை உங்கள் கையாலேயே முழுதாகத் திருகி வெளியே எடுங்கள். சுவருக்குள் அது மாட்டும் எல்போவை (வளைவு இணைப்பு) டார்ச் அடித்துப் பாருங்கள், வாயில் கோடு மாதிரி விரிசல் தெரிந்தால் வேறு பேச்சே இல்லை, டைல்ஸ் உடைத்து எல்போ மாற்றத்தான் வேண்டும். விரிசல் இல்லை என்றால் இரண்டு பக்க மரையிலும் ஒட்டியிருக்கும் பழைய டேப்பைப் பல்துலக்கும் பழைய பிரஷால் ஒரு நூல்கூட விடாமல் எடுங்கள். மரையின் முனை உங்களைப் பார்த்து இருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துப் பிடித்துப் புது டேப் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். எத்தனை சுற்று என்பதற்குக் கணக்கு கிடையாது, கையால் இரண்டு மூன்று சுற்று இலகுவாகப் போய் அப்புறம் பிடிக்க வேண்டும், அதுதான் அளவு. கை கீழ்நோக்கி வர இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றால் முன்னாலேயே திருப்புங்கள், தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள், கழற்றி டேப் எல்லாம் உரித்து முதலிலிருந்து. ரொம்பவும் முறுக்காதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் எல்போ என்றால் பிளந்துவிடும். முடிந்ததும் அதே எண்ட் கேப் சோதனை, ஒரு மணி நேரம்.

ஞாயிறு தச்சன்:
விரிசல் இல்லை. மூன்று தடவை கழற்றி மாட்டினேன், மூன்றாவதில்தான் கை நேராக வந்து பிடித்தது. நட்சத்திரம் ஒன்றே கால் மணி நேரம் அசையவில்லை, நானும் அசையவில்லை. இனி தலையைக் கழற்றும்போது ஒரு கையால் ஷவர் ஆர்மைப் பிடித்துக்கொள்வேன் என்று எல்லோர் முன்னாலும் எழுதி வைக்கிறேன்.

இந்த ஞாயிறே பூசிவிடலாமா?

கரணை:
ஐயோ, வேண்டாம். ஒழுகல் நின்றதே தவிர சுவர் காயவில்லை. செங்கல் சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு, உங்களுக்கு நாலரை அங்குலம், அதிலும் ஒரு பக்கம் டைல்ஸ் மூடியிருக்கிறது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபேன் வைத்துக் காற்று ஓட விட்டால் கொஞ்சம் வேகம் கிடைக்கும், ஹீட்டரைச் சுவருக்கு நேரே வைக்காதீர்கள், மேல்தோல் மட்டும் காய்ந்து உப்பு இன்னும் முன்னால் வரும்.

இப்போது செய்ய வேண்டியது பூச்சை உடைப்பதுதான். ஈரம் தெரியும் எல்லைக்கு மேலே ஒரு அடி வரை, பக்கவாட்டிலும் அதே மாதிரி, பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுங்கள். பிளக் பாயின்ட் பெட்டியைச் சுற்றி உளி வைக்கும்முன் எலக்ட்ரீஷியனை வைத்துக் கம்பியை விடுவித்துக்கொள்ளுங்கள். உப்பு பூக்கப் பூக்க உலர்ந்த பிரஷால் தேய்த்து அள்ளிக் குப்பையில் போடுங்கள், ஈரத்துணி போட்டுத் துடைத்தால் கரைந்து திரும்ப உள்ளேயே போகும். பூப்பது நின்று, அலுமினியத் தாளும் இரண்டு பக்கமும் வறண்டு வந்தால் பூசலாம். கையில் ஈரமானி வாங்கி ஊசியைக் குத்திப் பார்க்காதீர்கள், உப்பு இருக்கும் சுவரில் அது காய்ந்த பிறகும் ஈரம் என்றே சொல்லும்.

சுண்ணாம்பு:
பூசும்போது ஜிப்சம் வேண்டாம், அது மிச்ச ஈரத்தில் கெட்டுப்போகும். சுண்ணாம்புக் கலவை நல்லது, இல்லையென்றால் சிமெண்ட் கலவை. மேலே மூச்சுவிடும் பெயின்ட், அந்தப் பளபளப்பு வகையெல்லாம் ஒரு வருஷம் கழித்து யோசிக்கலாம். அலமாரியைத் திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். அலமாரி பிழைத்ததா?

ஞாயிறு தச்சன்:
பின்பலகை போய்விட்டது, பிளைவுட் புத்தகம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. கால்கள் கெட்டித் தேக்கு, அடியில் ஒரு அங்குலம் கறுத்திருக்கிறது, அதை அறுத்துவிட்டுக் கீழே ரப்பர் வைக்கப் போகிறேன். சுவர் காயும் வரை எனக்கு வேறு என்ன வேலை. இன்று காலை கொத்தி முடித்தேன், காடி இருக்கும் இடம் மட்டும் நேர்கோடாகக் கறுத்து மேலே வரை போகிறது, பழைய பைப் சொன்ன மாதிரியே. படம் கீழே.