மறு: ‘செட்’டுக்குத் தமிழ்: சிமென்ட் காய்கிறதா, உறைகிறதா, இறுகுகிறதா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘செட்’ எங்கு வந்தாலும் ‘கணம்’ என்றே போட்டுவிடலாம் என்று முந்தைய மடலில் ஒரு யோசனை வந்தது. கணக்குப் பாடத்தில் சரி, பிள்ளைகளுக்குப் பழகிய சொல். ஆனால் எங்கள் சேலத்தில் செட் என்றதும் நினைவுக்கு வருவது தட்டுவடை செட்: இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்துத் தருவார்கள். ‘தட்டுவடைக் கணம் ஒண்ணு குடுங்க’ என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பம்பு செட், சினிமா செட் எல்லாம் தனித்தனிக் கதை. ஆக்ஸ்போர்டு அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவே இந்தச் சொல்லுக்குத்தான். ஆகவே ஒரே சொல்லைத் தேடுவது வீண்வேலை.

இப்போது எனக்கு வேண்டியது கொத்தனார் கையேட்டுக்கான சிமென்ட் ‘செட்டிங்’ மட்டும்.

‘உறைதல்’ வேண்டாம். தயிர் உறையலாம், தொழில்நுட்ப நூலில் அது உறைநிலையோடு குழம்பும். ‘காய்தல்’ அதைவிட மோசம். சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் கெட்டியாகிறது, தண்ணீர் போவதால் அல்ல. போன சித்திரையில் எங்கள் வீட்டு மாடித் தளத்தில், ‘காஞ்சிருச்சுங்க’ என்று சொல்லிவிட்டு மறுநாள் தண்ணீர் கட்டாமலே போய்விட்டார்கள். ஒரே வாரத்தில் தலைமுடி கனத்துக்கு நாலைந்து விரிசல். சொல்லை மட்டும் குறை சொல்ல முடியாதுதான், ஆனாலும் காய்ந்த பொருளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

என் பரிந்துரை ‘இறுகல்’. சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கு இந்தியத் தர நிர்ணயப்படி தண்ணீர் சேர்த்ததிலிருந்து தொடக்க இறுகல் (கெட்டியாகத் தொடங்குவது) 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, முடிவு இறுகல் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதன்பின் நடப்பது வேறு. 28-ம் நாள் சோதிக்கிறோமே, அந்த வலிமை மெல்ல ஏறுவதை ‘வலுவேறல்’ என்று பிரித்துச் சொல்லலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், இறுகியதுமே வேலை முடிந்தது என்று கான்கிரீட்டைத் தாங்கும் பலகையைப் பிரித்துவிடுவார்கள்.

இன்னொரு வசதி, ‘மெதுவாக இறுகுது’ என்று வினையாகவும் இயல்பாக வருகிறது. ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் அதே மூட்டை மெதுவாகத்தான் இறுகும்.

அப்புறம் ஒரு சிக்கல். இறுகலைத் தள்ளிப்போடச் சிமென்டில் ஜிப்சம் சேர்க்கிறார்களே, அந்த வகைப் பொருளுக்கு ‘இறுகல் தாமதிப்பி’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. யாரிடமாவது சுருக்கமாக ஒன்று இருக்கிறதா?