பெரம்பூர் அரசமரத்து மாங்குயில்

இந்தப் பறவைக் குழுவில் மாங்குயில் பார்த்ததை எல்லாரும் எழுதுகிறீர்கள், வடசென்னையிலிருந்து என்னுடையதும் இருக்கட்டும்.

பெரம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மதிலை ஒட்டி ஒரு பெரிய அரசமரம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது தெருவில் பாதி மரங்கள் சாய்ந்தன. இது இரண்டு கிளைகளைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டது. மழை விட்ட ஒரு கார்த்திகைக் காலையில் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மரத்துக்குள்ளிருந்து யாரோ குழல் ஊதியது போல, "பீ-லோ-லோ". குயில் கூவக் கூவக் குரல் ஏறிக்கொண்டே போகும். இது வழுக்கி இறங்கியது.

அரை மணி நேரம் தேடினேன். பழுத்த இலை என்று நாலைந்து தடவை கண் தாண்டிப்போன இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது! ஏறக்குறைய மைனா அளவு. உடம்பெல்லாம் மஞ்சள், சிறகு கறுப்பு, மை இழுத்துவிட்டது போலக் கண்ணுக்குப் பின்னாலும் நீளும் கோடு. அலகு ரோஜா நிறம். கம்பளிப்பூச்சி ஒன்றைப் பிடித்து, கிளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துத் தேய்த்து அப்புறம்தான் விழுங்கியது. அதன்பின் அரசம்பழம்.

பெயரில்தான் குயில். குயில் காக்கா கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும். இது கிளைக் கவட்டில் தூளி கட்டுவது போலத் தானே கூடு பின்னும். அதுவும் பெரும்பாலும் வடக்கே, கோடையில். நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வந்து பங்குனிவாக்கில் கிளம்பிவிடுகிறது.

போன தை மாதம் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. பக்கத்து வீட்டு அக்கா, "கிளிக்குஞ்சு விழுந்து கிடக்குது, ஓடி வா" என்றார். கிளி இல்லை, பெண் மாங்குயில். பச்சை கலந்த மஞ்சள் முதுகு, வெளிறிய மார்பில் கோடு கோடாக. சிறகில் மாஞ்சா நூல் நாலு சுற்று. நகவெட்டியால் ஒவ்வொரு இழையாக நறுக்கினேன். கைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டதை மறக்கவே முடியாது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டில் சத்தமில்லாமல் வைத்திருந்தோம். சாயங்காலம் திறந்ததும் நேராக அரசமரத்துக்குப் பறந்தது.

* * *

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். மார்பில் கோடு இருந்தால் அது இளம் ஆணாகவும் இருக்கலாம். சின்ன வயதில் ஆணும் பெண் போலவேதான் தெரியும். நான் மாதவரம் பால்பண்ணைப் பக்கம். இங்கே கரிச்சானும் (இரட்டைவால் குருவி) மாங்குயிலும் ஒரே மரத்தில் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். வடக்கே கூடு கட்டும்போதும் கரிச்சான் இருக்கும் மரத்தையே தேடுமாம். காக்கா கிட்டே வந்தால் கரிச்சான் விரட்டிவிடுமே. உங்கள் மரத்தில் இன்னும் நூல் தொங்குகிறதா?

* * *

தொங்குகிறது தம்பி, உச்சிக்கிளையில் ஒரு கொத்து. கைக்கெட்டியதையெல்லாம் சுருட்டி எரித்துவிட்டேன். கேபிள் பையன் ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஐப்பசிக்குள் எடுத்துவிட வேண்டும்.